பனிக்கு எதுக்குப் படம்? அரூப ஓவியத்தைப் பார்க்கப் பழகுவது

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு படம் வரைந்து எங்கள் வீட்டுக் காம்பராச் சுவரில் ஒட்டினேன். பெரிய பிரிஸ்டல் போர்ட் அட்டை. மேலே வெள்ளையை ஒட்டிய சாம்பல், கீழே கறுத்த பச்சை, நடுவில் இரண்டும் கலங்கிப்போன ஒரு பட்டை. அவ்வளவுதான். அப்பாயி வெற்றிலையை மென்றுகொண்டே வந்து நின்று பார்த்தார்.

"இது என்னாப்பா?"

"பனி, அப்பாயி."

"பனிக்கு எதுக்குப் படம்? கதவத் தொறந்தா வருது."

நான் பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் படிப்பிக்கிறவன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு அரூப ஓவியம் பற்றி வருடா வருடம் குறிப்பு எழுதிக் கொடுக்கிறவன். ஆனாலும் அந்த இடத்தில் வாயடைத்துப் போனேன். அன்றைக்கு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

முதலில் பெயரைச் சரிபண்ணிக்கொள்வோம். நம் ஊரில் பார்த்தவுடன் புரியாத படம் எல்லாமே 'மொடர்ன் ஆர்ட்'. அதற்குள் பல வகை இருக்கிறது. ஜோர்ஜ் கீற் 1901இல் கண்டியில் பிறந்த ஓவியர். 1943இல் கொழும்பில் சில கலைஞர்கள் சேர்ந்து தொடங்கிய '43 குழுவில் ஒருவர். அவர் வரைந்த பெண்ணின் முகம் ஒரே நேரத்தில் பக்கவாட்டிலும் நேராகவும் தெரியும். கை கால் எல்லாம் வளைந்து நெளிந்து கிடக்கும். ஆனாலும் அது பெண்தான். அங்கே உருவம் திரிந்திருக்கிறது, தொலைந்துபோகவில்லை. அதே குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கிளாசன் பிற்காலத்தில் வரைந்த பல படங்களில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. நிறமும் கோடும் அவற்றுக்கு நடுவே ஒரு நடமாட்டமும் மட்டும் இருக்கும். அரூபம் என்று சொல்ல வேண்டியது இதைத்தான்: உலகத்தில் உள்ள ஒரு பொருளைப் போல இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்ட ஓவியம்.

சரி, பொருளை விட்டுவிட்டால் அப்புறம் என்னதான் மிச்சம்?

கவ்வாத்து

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மலையைக் கவ்வாத்துக்கு, அதாவது செடிகளைக் குறுக வெட்டிவிட, எடுப்பார்கள். அதுவரை பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்த மலை, கவ்வாத்துக் கத்தி போய் வந்த பிறகு சாம்பல் நிறக் கம்புகளாய் நிற்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அப்போதுதான் ஒவ்வொரு செடியும் எப்படிக் கிளை பிரிந்திருக்கிறது, எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் சாய்ந்து வளர்ந்திருக்கிறது, எந்தச் செடி எத்தனை தடவை வெட்டு வாங்கி முடிச்சு விழுந்திருக்கிறது என்றெல்லாம் தெரியும். இத்தனை நாளும் இலைதான் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

நெதர்லாந்து ஓவியர் பியற் மொண்ட்ரியான் மரங்களுக்குச் செய்தது இந்த வேலையைத்தான். 1908 முதல் 1910 வரை அவர் வரைந்த 'சிவப்பு மரம்' நீலப் பின்னணியில் நெருப்புப் பிடித்த மாதிரி நிற்கும். அது மரம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். 1911இன் 'சாம்பல் மர'த்தில் நிறம் போய்விட்டது. கிளைகள் வில் வில்லாக வளைந்த கோடுகளாகிவிட்டன. அடுத்த வருடம் 'பூத்த ஆப்பிள் மரம்'. தலைப்பில் பூவும் உண்டு, மரமும் உண்டு. படத்தில் இரண்டும் இல்லை. ஒன்றையொன்று வெட்டிப் போகும் வளைகோடுகள்தான். அதன் பிறகு அந்த வளைவுகளும் நிமிர்ந்து, கறுப்புக் கோட்டுக் கட்டங்களும் சிவப்பு, மஞ்சள், நீலமுமாக அவருடைய புகழ்பெற்ற படங்கள் வந்தன.

கடைசிப் படத்தை மட்டும் பார்க்கிறவர் "ரூலர் வைத்துக் கோடு போட்டால் அது ஓவியமா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். கவ்வாத்து மலையை மட்டும் பார்த்தவனுக்குக் கொழுந்து எப்படித் தெரியும்? இந்த நாலு படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தக் கை எதை வெட்டியது, எதை விட்டது என்று பிடிபடும்.

கவ்வாத்தில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. வேரில் மாச்சத்துப் போதுமா என்று ஒரு துண்டு வேரை எடுத்து அயடின் விட்டுப் பார்ப்பார்கள். நீலமாகக் கறுத்தால் வெட்டலாம். மாச்சத்து இல்லாத செடியை வெட்டினால் செத்துப்போகும். மொண்ட்ரியான் 1872இல் பிறந்தவர். சாம்பல் மரத்தை வரைந்தபோது நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதுவரை ஆற்றங்கரை, காற்றாலை, பண்ணை வீடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து தள்ளியவர். வேரில் சேமிப்பு இருந்தது.

இரண்டாவது, சில மலைகளில் செடி மூச்சு விடட்டும் என்று ஒரே ஒரு கிளையை இலையோடு விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டுவார்கள். 'பூத்த ஆப்பிள் மரம்' என்ற தலைப்பு எனக்கு அந்தக் கிளை மாதிரித்தான் படுகிறது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பார்க்கிறவன் பிடித்துக்கொள்ள ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

"என் பிள்ளையும் இப்படி வரைவான்" என்று சொல்கிறவர்களுக்காக ஒரு தகவல். 2011இல் அமெரிக்காவில் பாஸ்டன் கல்லூரி ஆய்வாளர்கள் இருவர் அரூப ஓவியர்களின் படங்களையும், குழந்தைகளும் விலங்குகளும் கிறுக்கிய படங்களையும் சோடி சோடியாகக் காட்டிக் கேட்டார்கள். சில சோடிகளில் பெயர்ச்சீட்டை வேண்டுமென்றே மாற்றியும் வைத்தார்கள். அப்படியிருந்தும் மக்கள் ஓவியரின் படத்தைத் தேர்ந்தது, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் வரக்கூடியதைவிட அதிகம். எப்போதும் சரியாகச் சொல்லிவிடவில்லைதான். ஆனாலும் கை யோசித்துத்தான் போயிருக்கிறது என்பதைக் கண் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறது.

தப்புச் சத்தம்

எல்லா அரூபமும் மரத்தை வெட்டி வெட்டி வந்ததில்லை. கண்ணுக்குத் தெரிகிற பொருளைத் தொடாமலே தொடங்குகிறவர்களும் உண்டு. அவர்களைப் புரிந்துகொள்ளக் காது வேண்டும்.

இரண்டு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) தள்ளித் தப்புப் பறை அடித்தால் நமக்குத் தெரியும், அது சாவு வீடா, காமன் கூத்தா என்று. முந்தி காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூட்டவும் தப்புத்தான் அடித்தார்கள். அதே தோல், அதே குச்சி. வேகமும் இடைவெளியும் அடியின் கனமும்தான் வேறு. "இந்தச் சத்தம் எதைப் போல இருக்கிறது?" என்று யாராவது கேட்கிறோமா? வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஓவியமும் இப்படி நேரே இறங்கக்கூடாதா என்று கேட்டவர் வசீலி கண்டின்ஸ்கி.

1866இல் மொஸ்கோவில் பிறந்தவர். சட்டம் படித்தவர். முப்பது வயதில் கைக்கு வந்த பல்கலைக்கழக வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓவியம் படிக்க ஜேர்மனியின் மியூனிக் நகரத்துக்குப் போனார். (நம் வீடுகளில் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.) 1911 ஜனவரியில் அங்கே இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசைக் கச்சேரி ஒன்றைக் கேட்டார். கேட்ட கையோடு வரைந்த படத்தில் ஒரு பெரிய மஞ்சள் வெள்ளமாகப் பாய்கிறது. அதன் மேலே பியானோவின் மூடி மாதிரி ஒரு கறுப்பு. கீழே குனிந்த வளைவுகள், சபையில் இருந்தவர்களாக இருக்கலாம். கச்சேரி எப்படி இருந்தது என்று அந்தப் படம் காட்டவில்லை. அதைக் கேட்டவனுக்கு உள்ளே என்ன ஆனது என்பதைக் காட்டுகிறது.

அவரே எழுதிவைத்த இன்னொரு சம்பவம் இதைவிட எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் தன் வேலை அறைக்குத் திரும்புகிறார். சுவர் ஓரமாக ஒரு படம். என்ன வரைந்திருக்கிறது என்று விளங்கவில்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒளி வருவது போல அத்தனை அழகு. கிட்டப் போய்ப் பார்த்தால், அவர் வரைந்த படம்தான், பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே அழகைத் திரும்பப் பார்க்க முயன்றார். பாதிதான் முடிந்தது. என்ன பொருள் என்று தெரிந்துபோனதுதான் இடைஞ்சல் என்று அவருக்குப் பட்டது.

அரூபத்தைத் தொடங்கிவைத்தவர் அவர்தான் என்று நெடுங்காலம் எழுதினார்கள். சுவீடன் நாட்டு ஹில்மா அஃப் கிளின்ட் என்ற பெண் 1906இலேயே அப்படி வரைய ஆரம்பித்துவிட்டார். தான் இறந்து இருபது வருடம் கழியும்வரை அந்தப் படங்களைக் காட்ட வேண்டாம் என்று சொல்லியும் வைத்தார். முதலாவது யார் என்ற வழக்கில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. ஆனால் தன் காலத்து ஆட்களுக்குப் புரியாது என்று முடிவு செய்து படங்களை மூடிவைத்த அந்தப் பொறுமையை நினைத்துப் பார்ப்பதுண்டு.

உணர்ச்சி எங்கே இருக்கிறது

தொடங்குகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் சந்தோஷம் என்று ஒரு அட்டவணையைப் பாடமாக்கிக்கொள்வார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எழுதிப் புள்ளி வாங்கினேன். இப்போது அதைக் கரும்பலகையில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. சாவு நடந்த வீட்டுக்குப் போகும் பாதையில் வெள்ளைக் கொடி கட்டுகிறார்கள். அதே வெள்ளையை உடுத்திக்கொண்டு காலையில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று எந்த அட்டவணை சொல்லும்?

நிறத்தின் பெயரில் உணர்ச்சி இல்லை. அது எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. இதற்கு மார்க் ரொத்கோவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1903இல், இன்றைக்கு லட்வியாவில் இருக்கும் ஓர் ஊரில் பிறந்து, பத்து வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். அவருடைய பெயர்போன படங்களில் இரண்டு மூன்று நிறச் செவ்வகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக மிதக்கும். வேறு ஒன்றும் இல்லை. நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள பொருத்தத்தில் தனக்கு அக்கறையில்லை, மனிதரின் அடிப்படை உணர்ச்சிகளைச் சொல்வதுதான் தன் வேலை என்பது அவருடைய பேச்சு.

எப்படிச் சொல்கிறார்? பெயின்டைத் தண்ணீராகக் கரைத்து அடுக்கடுக்காகப் பூசுகிறார். கீழே உள்ள நிறம் மேலே உள்ளதன் ஊடாகக் கசிகிறது. செவ்வகத்தின் ஓரத்தை வெட்டாமல் கரையவிடுகிறார். நம் பக்கம் பனி இறங்கும்போது பாருங்கள். முதலில் எதிர்மலை போகும். அப்புறம் ஸ்டோரின் தகரக் கூரை. அப்புறம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை. எந்த நொடியில் கூரை மறைந்தது என்று சொல்ல முடியாது. இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அந்த இடைவெளியில்தான் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. கொழுந்துக்குப் போன அம்மா இன்னும் வரவில்லை என்றால் அந்த ஓரம் இன்னும் பயங்கரம். ரொத்கோவின் ஓரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

அளவும் அப்படித்தான். அவருடைய படங்கள் பல ஆள் உயரத்துக்கு மேல். தள்ளி நின்று ரசிக்காமல் கிட்ட வந்து, சுமார் 45 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்று பார்க்கச் சொன்னார். அப்போது படம் சுவரில் இருக்காது, நம்மைச் சுற்றி இருக்கும். இதனால்தான் கைத்தொலைபேசியில் ரொத்கோவைப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிற மாணவர்களை நான் திட்டுவதில்லை. அந்தச் சின்னத் திரையில் உண்மையாகவே ஒன்றும் இல்லை.

கடைசிக் காலத்தில் அவருடைய படங்கள் கறுத்தன. 1970இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதனால் எல்லாக் கறுப்பையும் அந்த முடிவை வைத்தே வாசிக்கிறார்கள். அது சோம்பேறித்தனம் என்று நினைக்கிறேன். சாவுச் செய்தி தெரிந்த பிறகு யாருடைய பழைய போட்டோவைப் பார்த்தாலும் முகம் வாடித்தான் தெரியும்.

வேகத்துக்கு ஒரு வரி. அமெரிக்க ஓவியர் ஜக்சன் பொலொக் 1947 முதல் 1950 வரை துணியைத் தரையில் விரித்து, சுற்றி நடந்துகொண்டே பெயின்டைச் சொட்டியும் வீசியும் வரைந்தார். அந்தப் படங்களில் நாம் பார்ப்பது ஓர் உடம்பு போய் வந்த தடம்.

மண்

தூண்டுதல் மின்னல் மாதிரி வந்து விழும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஓவியர் சையத் ஹைதர் ராசாவின் கதை வேறு மாதிரி. 1922இல் மத்தியப் பிரதேசத்தில் பிறந்தவர். அப்பா வன இலாகாவில் வேலை. வகுப்பில் ஓரிடத்தில் நிற்காத பையன். ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கூட விறாந்தைச் சுவரில் ஒரு புள்ளியை வைத்து, இதையே பார்த்துக்கொண்டிரு என்றாராம். 1950இல் பிரான்ஸ் போனார், எத்தனையோ விதமாக வரைந்தார். பல பத்து வருடம் கழித்துத்தான் அந்தப் புள்ளி பெரிய கறுப்பு வட்டமாக அவருடைய துணியில் வந்து உட்கார்ந்தது, 'பிந்து' என்ற பெயரோடு. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கருக்குத் தூண்டுதல் எழுத்தும் சாதகக் கட்டமும் மாதிரியான குறிகளிலிருந்து வந்தது. யாரும் வெறும் வானத்திலிருந்து வரையவில்லை.

எனக்கு வந்தது மண்ணிலிருந்து. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது மலையகத்தில் யாருக்கும் மறக்காது. சில மாதம் கழித்து அதை வரைய உட்கார்ந்தேன். முதல் படத்தில் ஆட்கள், மண்வெட்டி, கூரைத் தகரம், அழுகிற பெண். வரைந்து முடித்தபோது வெட்கமாக இருந்தது. பத்திரிகையில் வந்த போட்டோவைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது, அவர்கள் கண்ணீரை நான் கடன் வாங்கிய மாதிரியும் இருந்தது. சரி, அரூபமாக வரைவோம் என்று இரண்டாவது அட்டையில் முழுக்க மண் நிறத்தை அப்பினேன். அது சொக்லேட் விளம்பரம் மாதிரி வந்தது. சிரிக்காதீர்கள், உண்மை.

மூன்றாவதில் முதலில் ஒரு லயத்தை முழுதாக, பொறுமையாக வரைந்தேன். வரிசையாகப் பத்துக் கதவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், இஸ்தோப்பு என்கிற முன் விறாந்தை, கொடிக்கயிறு, கழுவிக் கவிழ்த்த பானை. இரண்டு நாள் ஆனது. காய்ந்த பிறகு மண் நிறத்தைக் கரைத்து அதன் மேலே பூசினேன். கை வரவில்லை. அடுக்கின் மேல் அடுக்காக மூடி, கடைசியில் வலது ஓரத்தில் ஒரு கதவின் நீலம் நகம் அளவுக்கு மிஞ்சியது. அங்கே நிறுத்திவிட்டேன். பார்க்கிறவருக்கு அது மண் நிற அட்டை, ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு. அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் சுவரில் ஒட்டவில்லை.

அரூப ஓவியத்தில் உணர்ச்சி எப்படி ஏறுகிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நான் அழவில்லை, வரைந்ததை மூடினேன். மூடிய செயல்தான் படத்தில் இருக்கிறது.

நீங்களே ஒரு தடவை

ஒரு முறை கையை வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விலை கூடிய சாமான் தேவையில்லை. ஒரு அட்டை, போஸ்டர் கலர் மூன்று நிறம், ஒரு தூரிகை, பழைய சேலைத் துண்டு. விடியக்காலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து பத்து நிமிடம் வெறுமனே பாருங்கள். பிறகு, கண்ணில் பட்டதை வரையாமல், உடம்பில் பட்டது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். குளிரா, காத்திருப்பா, பசியா? அது கூர்மையானதா மழுங்கியதா, கனமானதா? ஓரத்தை வெட்டுவதா கரைப்பதா என்பதற்கு அந்தப் பதில் போதும். முடிக்கும்வரை தலைப்பு வைக்காதீர்கள். வைத்தால் கை அதற்குக் கூலி வேலை பார்க்க ஆரம்பித்துவிடும்.

வகுப்பில் இதைச் செய்யச் சொன்னபோது ஒரு பிள்ளை அட்டை முழுக்க வெளிறிய மஞ்சள் பூசி, ஒரு மூலையில் சின்னச் சதுரத்தை மட்டும் பூசாமல் விட்டிருந்தாள். "இது என்ன?" என்று கேட்டுவிட்டேன், அப்பாயி மாதிரியே. "அம்மா வேலைக்குப் போன பொறகு வீடு, சேர். அது கதவு," என்றாள்.

பார்ப்பதற்குக் கொழும்பு போகிறவர்கள் பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் மன்றத்துக்குப் போகலாம். '43 குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. அந்தக் குழுவினரின் படங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். பக்கத்தில் உள்ள பெயர்ச்சீட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு படத்தை எந்தப் பக்கம் மேலாக மாட்டுவது என்று தெரியாமல் போனாலும் குடி முழுகிவிடாது. மொண்ட்ரியான் 1941இல் நிறப் பட்டிகளை ஒட்டி ஒரு படம் செய்தார். ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எத்தனையோ வருடமாகத் தலைகீழாகத் தொங்கியிருக்கலாம் என்று 2022இல் அங்குள்ளவர்களே சொன்னார்கள். திருப்பினால் பழைய பட்டிகள் கழன்று விழுந்துவிடும் என்ற பயத்தில் அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பனிப்படம் ஈரச் சுவரில் இரண்டு வாரம்கூட ஒட்டி நிற்கவில்லை. நான் வேலை முடிந்து வந்தபோது அப்பாயி அதை ரொட்டி மாவைக் கரைத்துத் திரும்பவும் ஒட்டியிருந்தார். கறுத்த பச்சை மேலே, வெள்ளை கீழே.

"தலைகீழா ஒட்டிட்டீங்க, அப்பாயி."

"நீதான் தப்பாப் போட்டிருந்த. பனி பள்ளத்திலருந்துதானே ஏறி வருது."